வெள்ளணுவா, இதயமா: இப்ரூட்டினிப்பும் சானுப்ரூட்டினிப்பும்

வால்டன்ஸ்ட்ராம் என்பது எலும்பு மஜ்ஜையிலேயே குடியேறும் லிம்போமா, அதாவது ஒருவகை ரத்தப் புற்றுநோய். ரத்தம் ஊறும் இடத்தை அது அடைத்துக்கொள்வதால்தான் ஹீமோகுளோபின் இறங்குகிறது. இந்த செல்களைப் பெருகச் சொல்லும் சமிக்ஞை பி.டி.கே. என்ற நொதி வழியாகப் போகிறது. இப்ரூட்டினிப், சானுப்ரூட்டினிப் என்ற இரண்டு மாத்திரைகளும் அந்த நொதியின் 481-ஆம் இடத்திலுள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தில் நிரந்தரமாக ஒட்டிக்கொள்கின்றன. கீமோ மஜ்ஜையையே அடிக்கும். இவை அடைப்பை எடுக்கும். 2015-இல் வெளியான ஆய்வில், இப்ரூட்டினிப் எடுத்த 63 பேரிடம் மஜ்ஜையில் நோய்ப்பரவல் 60 சதவீதத்திலிருந்து 25-ஆகக் குறைந்தது, ஹீமோகுளோபின் 10.5-லிருந்து 13.8-ஆக ஏறியது.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? இப்ரூட்டினிப் (தினம் ஒருமுறை 420 மி.கி.) ஈ.ஜி.எஃப்.ஆர்., ஐ.டி.கே. போன்ற பக்கத்து நொதிகளையும் தொடுகிறது. சானுப்ரூட்டினிப் (160 மி.கி. இருவேளை, அல்லது 320 ஒரே வேளை) குறி தவறுவது குறைவு. இரண்டையும் நேருக்கு நேர் வைத்த ஆஸ்பென் ஆய்வில் இதயத் துடிப்புக் கோளாறு இப்ரூட்டினிப்பில் 15 சதவீதம், சானுப்ரூட்டினிப்பில் 2. தொற்றை எதிர்க்கும் வெள்ளணுவான நியூட்ரோஃபிலின் குறைவோ தலைகீழ்: இப்ரூட்டினிப்பில் 13 சதவீதம், சானுப்ரூட்டினிப்பில் 29. இந்த 29-ஐப் பார்த்துப் பலர் பின்வாங்குகிறார்கள். ஆனால் கடுமையான தொற்று இரு பக்கமும் ஏறக்குறைய சமம்தான். வெள்ளணு இறங்கினால் அதைப் பெருக்கும் வளர்ச்சி ஊசி போடலாம். கெட்டுப்போன துடிப்புக்கு அத்தனை சுலபமான வழி இல்லை. ரத்தக் கொதிப்போ பழைய இதயநோயோ இருந்தால் சானுப்ரூட்டினிப்தான்.

எப்போது நிறுத்துவது? சானுப்ரூட்டினிப்பில் நியூட்ரோஃபில் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500-க்குக் கீழே 10 நாளுக்கு மேல் நீடித்தால், அல்லது 1000-க்குக் கீழே இருக்கும்போது காய்ச்சல் வந்தால். எண்ணிக்கை தேறியதும் முதல் தடவை முழு அளவிலேயே தொடங்கலாம். மறுபடி இறங்கினால் 80 மி.கி. இருவேளை. அறுவை சிகிச்சைக்காக எந்த மாத்திரையை நிறுத்தினாலும் சில நாளில் இந்த நோய் செல்கள் சுரக்கும் ஐஜிஎம் புரதம் குதிக்கும், ஹீமோகுளோபின் சரியும். இதை மருந்து கைவிட்டதாக எண்ணி மாற்றிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

இன்னொன்று மருந்துச் சீட்டிலேயே ஒளிந்திருக்கும். பூஞ்சைத் தொற்றுக்கு ஃப்ளுகோனசோல் எழுதினால் இந்த மாத்திரைகளைச் சிதைக்கும் கல்லீரலின் சி.ஒய்.பி.3ஏ நொதி மந்தமாகி, மாத்திரை ரத்தத்தில் தேங்கும். அந்த நாட்களில் சானுப்ரூட்டினிப் 80 மி.கி. இருவேளையாகவும், இப்ரூட்டினிப் 280-ஆகவும் இறங்க வேண்டும்.