கடலடிச் சுரங்கமா, கோச்சி (ரயில்) பெட்டி ஏற்றும் கப்பலா?

நேற்று மட்டக்களப்புச் சந்தையில் பம்பாய் வெங்காய மூட்டையொன்றை அவிழ்த்தால் பாதி முளைவிட்டிருந்தது. கொழும்பில் இறங்கி 300 கிலோமீட்டர் லொறியில் குலுங்கி வந்த சரக்கு. ஆனால் இந்தியாவின் தனுஷ்கோடிக்கும் எங்கள் தலைமன்னாருக்கும் நடுவே கடல் சுமார் 30 கிலோமீட்டர்தான். சுரங்கம் போட்டால் காற்று மழை பாராமல் சரக்குக் கோச்சி ஓடும், இரண்டு பக்கமும் அகலப்பாதை என்பதால் பெட்டி மாற்றவும் தேவையில்லை. ஆனால் செலவு? 1994இல் திறந்த ஆங்கிலக் கால்வாய்ச் சுரங்கமே கடனில் மூச்சுத் திணறியது, அதுவும் லண்டன், பாரிஸ் போக்குவரத்தை வைத்துக்கொண்டு!

கப்பல் 1914இலேயே ஓடியது. 1964 புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகும் ராமேஸ்வரத்திலிருந்து வந்து, யுத்தத்தோடு நின்றது. மாரியில் சில நாள் கட்டிப்போடத்தான் வேண்டும், சரி. எனக்கென்றால் பெட்டியை அப்படியே ஏற்றும் கப்பல்தான் முதலில். தலைமன்னாரிலிருந்து மதவாச்சி, மாகோ வழியாக மட்டக்களப்பு வரை தண்டவாளம் ஏற்கனவே கிடக்கிறது.