குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவு: படகு, வீட்டுச் சாப்பாடு, ஓர் இரவு

யாழ்ப்பாணத்தில் 776 பஸ் ஏறினால் பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு என்று இருபுறமும் கடலைப் பார்த்துக்கொண்டே குறிகட்டுவான் துறையில் இறங்கலாம். தெரு அங்கே முடிந்துவிடும். நயினாதீவுக்குப் போகிறவர்கள் கால்மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலம் வேண்டும்.

நான் அம்மாவோடு போனேன். அம்மாவுக்கு எழுபத்தொரு வயது. கல்யாணத்துக்கு முன் இரண்டு வருடம் நெடுந்தீவில் படிப்பித்தவர், அதன்பிறகு அந்தப் பக்கம் போனதேயில்லை.

முதலில் படகைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் வயதானவர்களோடு போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அதுதான். துறை உயரத்தில் இருக்கிறது, படகு தாழ்வில் ஆடிக்கொண்டிருக்கிறது. இடையில் ஏணியோ படியோ எதுவும் இல்லை. காலைத் தூக்கிப் படகின் விளிம்பில் வைத்து, அது மேலே எழும்புகிற நேரம் பார்த்து உள்ளே இறங்க வேண்டும். அம்மா தயங்கி நின்றார். படகில் நின்ற பெடியன் ஒருவன், "பயப்பிடாதேங்கோ அம்மா, கீழ பாக்காமல் என்னைப் பாருங்கோ" என்று இரண்டு முழங்கையையும் தாங்கிப் பிடித்து, அலை ஒன்று போகும்வரை பொறுத்திருந்து இறக்கினான். அந்தப் பிள்ளைக்கு என்ன கொடுத்தாலும் தகும். ஆனால் தினமும் கர்ப்பிணிகளும் நோயாளிகளும் ஏறி இறங்குகிற துறையில் எல்லாம் ஒரு பெடியனின் கைப்பலத்தை நம்பியே நடப்பது சரியில்லை. எனக்குத் தந்த பாதுகாப்பு அங்கியில் ஒரு பக்கத்து வாரும் அறுந்திருந்தது. கேட்டதும் வேறொன்று தந்தார்கள். நீங்களும் கட்டாயம் இழுத்துப் பார்த்துப் போடுங்கள்.

உள்ளே அரிசி மூட்டை, எரிவாயு சிலிண்டர், கோழிக்கூடு, ஒரு புதுச் சைக்கிள். தீவுச் சனத்துக்கு இதுதான் தெரு. அதனால் நாங்கள் ஓரமாக ஒதுங்கி இருந்தோம். சோளகக் காற்று, அதாவது தென்மேற்குப் பருவக்காற்று, வீசும் காலத்தில் கடல் நன்றாகத் தூக்கிப் போடும், வயிறு தாங்காதவர்கள் அந்த மாதங்களைத் தவிர்க்கலாம். நாங்கள் மாசியில் போனதால் கடல் குளம்போலக் கிடந்தது.

நெடுந்தீவின் மாவிலித்துறையில் இறங்கியதும் குமுதினி நினைவிடத்துக்குப் போனோம். 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் போன சனத்தைக் கடலில் வைத்து வெட்டிக் கொன்றார்கள். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு நெடுநேரம் நின்றார். நான் எதுவும் கேட்கவில்லை.

பிறகு ஆட்டோ பிடித்தோம். காலையில் வந்து பின்னேரப் படகில் திரும்புகிறவர்களை ஒல்லாந்தர் கோட்டை, பெருக்குமரம் (பாவோபாப்), புறாக்கூடு, குதிரை என்று ஓட்டமாகக் காட்டிவிட்டுக் கொண்டுவந்து விடுகிறார்கள். அப்படிப் போனால் நெடுந்தீவைப் பார்த்ததாகவே ஆகாது. வெயில் தாழ்ந்தபிறகு முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) வேலிகளின் ஓரமாக நடந்து பாருங்கள். சாந்து, சீமெந்து எதுவும் இல்லை, கல்லின்மேல் கல்லை அடுக்கியே எழுப்பிய வேலி. கிட்டப் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கல்லிலும் பவளப்பூச்சி கட்டிய சின்னச் சின்னக் கண்ணறைகள் தெரியும், சிலதில் பூப்போலவே வரிவரியாக இருக்கும். அம்மா அதை விரலால் தடவிக்கொண்டே வந்தார். மட்டக்குதிரைகள் தெற்குப் பக்கத்து வெளியில் மேய்ந்துகொண்டிருந்தன. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழி வந்தவை என்கிறார்கள். கோடையில் தண்ணீர் இல்லாமல் அவை படும் பாடு பெரியது. தயவுசெய்து துரத்திப் படம் எடுக்காதீர்கள்.

இரவு தங்கியதும் சாப்பிட்டதும் ஒரு குடும்பத்தின் வீட்டில். முதல்நாளே தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும், சொல்லாமல் போனால் சமைக்க மீன் இராது. சிவப்பரிசிச் சோறு, நண்டுக் குழம்பு, கணவாய்ப் பிரட்டல், ஒரு சம்பல். குழம்பை இறக்குகிற நேரத்தில் அந்த அக்கா உள்ளியும் சீரகமும் தட்டிப் போட்டு, மேலே ஒரு பிடி முருங்கையிலையைத் தூவி மூடிவைத்தார். மூடியைத் திறந்தபோது வந்த வாசத்துக்காகவே இன்னொருமுறை போவேன். அறை சாதாரணம், மின்விசிறி உண்டு, குளியலறை துப்புரவு. குளிக்கிற தண்ணீர் கொஞ்சம் உவர், குடிதண்ணீர் அங்கே அருமை. ஆளுக்கு இரண்டு பெரிய போத்தலாவது கொண்டுபோங்கள், வெறும் போத்தலைத் திரும்ப எடுத்துவாருங்கள்.

வீட்டுக்கும் சாப்பாட்டுக்கும் ஐந்துக்கு ஐந்து. படகில் வேலை செய்கிறவர்களுக்கும் அதே ஐந்து. துறைக்கு இரண்டுதான் கொடுப்பேன். ஒரு படிக்கட்டும், நிழலுக்கு ஒரு கூரையும், படகு நேரம் எழுதிய பலகையும் வந்தால் கூட்டிப் போடுகிறேன். திரும்பும் படகு எத்தனை மணிக்கு என்று நாங்கள் நாலுபேரிடம் கேட்டோம், நாலு நேரம் சொன்னார்கள். கடைசியில் அந்த அக்காவின் மகன்தான் விடியவே சைக்கிளில் துறைக்குப் போய்க் கேட்டுவந்து எங்களை எழுப்பினான்.