கெம்போங்கா, டோரியா?

தெலுக் பஹாங் படகுத்துறையில் இறங்கும் கெம்போங்குக்கும் (அயிலை மீன்) பேரங்காடி உறைபெட்டியில் கிடக்கும் டோரி மீனுக்கும் மலேசியாவின் பினாங்குச் சமையலறைகளில் போட்டி. டோரி பெயருக்குத்தான், பெரும்பாலும் அது வியட்நாமின் மேக்கோங் பக்கத்துக் குளங்களில் வளர்த்த கெளுத்தி. முள்ளில்லை, பிள்ளைகளுக்குப் பொரித்துக் கொடுக்கச் சரி. புளிக்குழம்பில் போட்டால் பஞ்சாகப் பிரிந்துவிடும்.

கெம்போங்கைச் செவுள் சிவப்பாக இருக்கிறதா என்று பார்த்து வாங்கி, தலையோடு போடுங்கள். மறுநாள் குழம்புதான் குழம்பு!

விலை? சின்னப் படகுக்காரர் டீசலுக்கும் ஐஸுக்கும் முதலிலேயே பணம் போட்டுவிட்டுத்தான் கடலுக்குப் போகிறார். வலை காலியாக வந்தாலும் அந்தச் செலவு போனதுதான். அதை அடுத்த நாள் மீன் விலையில் எடுக்கலாமென்றால், உறைபெட்டியில் மலிவாக டோரி இருக்கிறதே! கெம்போங் இரண்டு வெள்ளி (ரிங்கிட்) கூடினாலே நாம் அந்தப் பக்கம் திரும்பிவிடுகிறோம். நானும்தான், வாரநாளில் டோரி, ஞாயிற்றுக்கிழமை கெம்போங்.