ஓகரை மேசையில் சேர்க்க மூன்று வழி

என் சித்தப்பா மகன் எங்கள் ஆட்டத்தில் ஓகர் என்கிற பூதமாகத்தான் ஆடுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். மன்னார்ப் பக்கத்துக் கட்டுக்கரைக் குளத்தை ஆங்கிலத்தில் இராட்சதக் குளம் என்று எழுதுவார்களே, அதைக் கட்டியவன் மாதிரி ஒரு ஆள். ஒன்பது அடிக்குக் குறையாது. "அவங்கள் குள்ளன் எடுக்கலாம், நான் பூதம் எடுக்கக் கூடாதோ அண்ணா?" என்றான். கிளிநொச்சியில் ஐந்து பேர் சேர்ந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். மேசையைச் சுற்றி இருந்து, ஆளுக்கொரு பாத்திரம் எடுத்து, பகடை உருட்டிக் கதை நடத்துகிற ஆட்டம் அது, அதை நடத்துவது நான். சரி என்று சொல்லிவிட்டேன். தலையிடி அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

எங்களுக்கு இருந்தது மூன்று வழி. முதலாவது, ஆட்ட விதிகளின் பழைய 3.5 பதிப்பில் உள்ள லெவல் கழிவு. லெவல் என்பது அனுபவம் கூடக் கூட ஆள் ஏறுகிற படி. பூதத்தை முழுப் பலத்தோடு எடுக்கலாம், அந்தப் பலத்துக்கு விலையாகச் சில லெவல்களை விட்டுக்கொடுக்க வேண்டும். இரண்டாவது, 2003இல் வந்த 'சாவேஜ் ஸ்பீசிஸ்' என்ற விதிநூல் காட்டிய வழி. அதில் போர்வீரன், மந்திரவாதி மாதிரி பூதமாக இருப்பதே ஒரு தொழில், லெவல் லெவலாக வளர்ந்து முழு ஓகராகலாம். மூன்றாவது ஐந்தாம் பதிப்பின் வழி. 2016இல் வந்த 'வோலோஸ் கைட் டு மான்ஸ்டர்ஸ்' கோப்ளின், பக்பேர் போன்ற பூத இனங்களின் பலத்தைக் குறைத்து, மனிதனுக்குச் சமமான இனமாகத் தந்தது. ஓகர் அதில் இல்லை. பக்பேரை அச்சாக வைத்து நாங்களே ஒன்றைச் செய்தோம். இன்றைக்கும் அதில்தான் ஆடுகிறோம், என் சாய்வும் அந்தப் பக்கம்தான்.

தொடக்கத்தில் முதல் வழியைத்தான் பிடித்தோம். காகிதத்தில் அது நியாயமாகவே தெரிந்தது. ஒருவன் எவ்வளவு அடி தாங்குவான் என்பதைச் சொல்வது உயிர்ப் பகடை. ஓகருக்குப் பிறவியிலேயே அது நான்கு, அதன் மேல் கழிவு இரண்டு, ஆக ஆறாம் லெவல் ஆளுக்குச் சமம். பலத்தில் பத்துக் கூடும். தம்பி தன் 16ஐப் பலத்தில் போட, அது 26 ஆகிவிட்டது. தடியால் ஓர் அடி போட்டால் இரண்டு எட்டுப்பக்கப் பகடையோடு பலத்துக்காக 12, சராசரி 21.

விஷயம் பிடிபட்டது கச்சான் கடலையால்தான். முறிகண்டியில் வாங்கிய கச்சான் மேசையில் கிடந்தது. ஓர் உயிர்ப் பகடைக்கு ஒரு கோது என்று, ஓகருக்கு முன்னால் நான்கு கோதையும் பக்கத்தில் இருந்த ஆறாம் லெவல் போர்வீரனுக்கு முன்னால் ஆறு கோதையும் வைத்தேன். ஓகரின் கோது எட்டுப்பக்கப் பகடை, வீரனுடையது பத்துப்பக்கம். உடல்வலுவையும் சேர்த்தால் ஓகருக்கு உயிர் சராசரி 34, வீரனுக்கு 45ஐத் தாண்டும். எதிரி மந்திரவாதியும் ஆறாம் லெவல்தான். அவனுடைய நெருப்புப் பந்து ஒன்றுக்கு ஆறு பகடை, சராசரி 21. இருவரும் விலகத் தவறினால் இரண்டாவது பந்தில் ஓகர் சாய்வான், வீரன் நிற்பான். அன்றைக்கு அப்படியேதான் நடந்தது. முதல் சுற்றில் கொள்ளைக்காரத் தலைவனை ஒரே அடியில் முடித்தவன், மூன்றாம் சுற்றில் நிலத்தில் கிடந்தான்.

கணக்குப்படி சமநிலை இருந்தது, மேசையில் இருக்கவில்லை. ஒரே அடியில் கொன்று, இரண்டு அடியில் சாகிற ஆளுக்கு எதிரி அமைப்பது பெரும்பாடு. அவனுக்கு ஈடுகொடுக்கும் எதிரியைப் போட்டால் மற்றவர்கள் செத்தார்கள், மற்றவர்களுக்கு ஏற்றதைப் போட்டால் அவன் ஒரு கையால் முடித்துவிடுவான். இடையில் நான் திரைக்குப் பின்னால் பகடையை மாற்றிச் சொல்லத் தொடங்கினேன். அதை மறைக்கவும் முடியவில்லை, பையன்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

கழிவின் இன்னொரு குணம், அது குத்தகைக் காசு மாதிரி. போகத்துக்குப் போகம் கட்ட வேண்டும், காணி ஒருநாளும் உன் பேருக்கு வராது. பத்தாம் லெவலுக்குப் போனாலும் அந்த இரண்டு லெவல் பின்தங்கல் அப்படியே நிற்கும். 2004இல் வந்த ஒரு துணைவிதி கடனை அடைக்க வழி விட்டது. ஆனால் ஓகர் தன் பிறவிப் பகடைகளுக்கு மேல் ஆறு தொழில் லெவல் எடுத்த பிறகுதான் முதல் தவணை, அதற்கும் 11,000 அனுபவப் புள்ளி கட்ட வேண்டும். மாதத்துக்கு இரண்டு ஞாயிறு ஆடுகிற எங்களுக்கு அது எட்டாத தூரம்.

இரண்டாவது வழியில் ஓகர்க் குட்டி வளர்ந்து பெரியவனாகிற கதை வருகிறது, அது அழகு. ஆனால் ஆறு லெவலில் இரண்டில் உயிர்ப் பகடை கிடைக்காது. முதல் லெவலில் தொடங்கி நிதானமாக ஆடுகிறவர்களுக்குச் சரிவரலாம்.

இப்போதுள்ள எங்கள் ஓகர் ஏழடி ஆள். பலம் இரண்டு, உடல்வலு ஒன்று கூடும். தன் முறையில் ஐந்தடி கூடுதலாக எட்டி அடிப்பான், மாட்டுவண்டிப் பாரம் சுமப்பான், ஒரு சண்டையில் ஒரே ஒரு அடிக்கு இரண்டு ஆறுபக்கப் பகடை சேர்த்துக்கொள்வான். உயிர்ப் பகடை அவன் எடுத்த தொழிலில் இருந்தே வருகிறது. கச்சான் அடுக்கினால் எல்லாருக்கும் ஒரே எண்ணிக்கை. ஆறு மாதமாக நான் பகடையை மாற்றிச் சொல்லவில்லை.

இழப்பும் உண்டு. "இது ஓகரில்லை அண்ணா, நல்லாச் சாப்பிட்டு வளந்த மனுசன்" என்று தம்பி இன்னும் முணுமுணுக்கிறான். அவன் சொல்வது பொய்யில்லை. காயம் தானாக ஆறுகிற ட்ரோலுக்கும் இந்த வழி பொருந்துமா என்று நாங்கள் ஆடிப் பார்த்ததில்லை, ஏழாம் லெவலுக்கு மேலேயும் போனதில்லை.

இப்போது பரந்தனில் இருந்து வருகிற மச்சான் இறக்கை உள்ள ஆள் கேட்கிறான். மந்திரவாதிக்கே பறக்கும் மந்திரம் ஐந்தாம் லெவலில்தான் கிடைக்கிறது. அதுவரைக்கும் கூரை உயரம் மட்டும், அதுவும் ஒரு மூச்சில் இறங்கிவிட வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். வாற ஞாயிறு பார்ப்போம்.