எழுத வைக்கும் பேராசிரியருக்கு எது கைகொடுக்கும்?

பல்கலைக்கழகங்களில் மாணவர்களின் எழுத்துக்கு உதவும் எழுத்து மையம் என்றதும், கட்டுரையைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் மாணவர்தான் நினைவுக்கு வருவார். அந்த மையத்துக்கு அவ்வளவாக வெளியில் தெரியாத இன்னொரு வேலையும் உண்டு. உயிரியலோ வரலாறோ நடத்தும்போதே மாணவர்களை எழுதவும் வைக்கிற பேராசிரியருக்குத் துணை நிற்பதுதான் அது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இதற்கு நான்கு வழிகள் வேரூன்றியிருக்கின்றன. நான்கையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இவற்றில் ஆசிரியர்களுக்கான பயிலரங்குதான் பழையது. அயோவா மாநிலத்தின் சென்ட்ரல் கல்லூரியில் 1969-70இல் பல துறை ஆசிரியர்கள் மாணவர் எழுத்தைப் பற்றிக் கூடிப் பேசியது இதன் தொடக்க முயற்சிகளில் ஒன்று. செலவு குறைவு, ஒரே நேரத்தில் பலரைச் சென்றடையலாம். ஆனால் அங்கே பிறக்கிற ஊக்கம், திருத்தவேண்டிய கட்டுரைகள் மேசையில் குவிந்ததும் வடிந்துவிடுகிறது. தொடர்ச்சி இல்லாத பயிலரங்கால் வகுப்பறை மாறும் என்று நான் நம்பவில்லை.

தனி ஆலோசனையின் கதை வேறு. மைய ஆலோசகரும் பேராசிரியரும் ஒரு அசைன்மென்ட் தாளை நடுவில் வைத்துக்கொண்டு அமர்கிறார்கள். தாளில் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: “கடல் வெப்பமடைவதால் பவளப்பாறைகளுக்கு ஏற்படும் பாதிப்பை 5 பக்கங்களில் விவாதிக்க.” ஆலோசகர் ஒன்றுதான் கேட்கிறார்: “நல்ல கட்டுரையில் நீங்கள் எதைத் தேடுவீர்கள்?” “முரண்படும் இரண்டு தரவுகளை எடைபோட்டு, ஒரு முடிவுக்கு வந்திருக்க வேண்டும்” என்கிறார் பேராசிரியர். தாளில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை! அரை மணி நேரத்தில் கேள்வி மாறுகிறது: “இந்த இரண்டு ஆய்வுகளின் முடிவுகள் ஏன் முரண்படுகின்றன? எதன் சான்று வலுவானது என்பதை, கடல்வளப் பாதுகாப்பு அதிகாரி ஒருவருக்கு 2 பக்கங்களில் விளக்குக.” முதல் வாரம் தரவு அட்டவணை, மூன்றாம் வாரம் வரைவு, அதன் பிறகு இறுதிப்படி என்று படிகளும் பிரிகின்றன. மாணவர்களுக்கு எழுதத் தெரியவில்லை என்ற புலம்பலில் பெரும்பங்கு, கேள்வி சரியாகக் கேட்கப்படாததால் வருவதுதான். கேட்டதும் கட்டுரை எழுதித் தரும் சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வெளியான பிறகு, படிப்படியாக எழுத வைக்கும் இந்த முறைக்கு அவசியம் இன்னும் கூடியிருக்கிறது.

திருத்தும் சுமைக்கும் இங்கே தீர்வு கிடைக்கும். பிழை உள்ள வரிக்கு நேரே ஓரத்தில் ஒரு குறி மட்டும் போட்டுக் கொடுத்தால், மேலோட்டமான பிழைகளில் பாதிக்கு மேல் மாணவர்களே கண்டுபிடித்துத் திருத்திவிடுவார்கள் என்று 1983இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. சிவப்பு மையில் மூழ்கிக் கிடக்கும் ஆசிரியருக்கு இது பெரிய விடுதலை.

மூன்றாவது, வகுப்போடு இணைக்கப்படும் மாணவ எழுத்துத் துணைவர்கள். பிரவுன் பல்கலைக்கழகம் 1982இல் தொடங்கிய திட்டம் இதற்கு முன்னோடி. வகுப்பிலுள்ள எல்லோரும் முதல் வரைவைத் துணைவரிடம் கொடுப்பார்கள். அவர் கருத்து எழுதி, நேரில் பேசி, திருத்தி எழுதவைத்த பிறகே கட்டுரை பேராசிரியரிடம் போகும். தடுமாறும் மாணவருக்கு மட்டும் என்றில்லாமல் எல்லோருக்கும் என்பதால் யாருக்கும் கூச்சம் இல்லை. ஆனாலும் கேள்வி மங்கலாக இருந்தால் துணைவரும் மாணவரோடு சேர்ந்துதான் தடுமாறுவார்.

நான்காவது வழியில் மையம் ஒரு துறை முழுவதோடும் பேசுகிறது. மினசோட்டா பல்கலைக்கழகம் 2007இல் தொடங்கிய திட்டத்தில், நல்ல எழுத்து என்றால் தங்கள் துறையில் என்ன, பட்டம் பெறுபவர் எதையெல்லாம் எழுதத் தெரிந்திருக்க வேண்டும், அதை எந்தப் பாடத்தில் கற்பிக்கிறோம் என்று ஆசிரியர்களே விவாதித்து எழுத்துத் திட்டம் வகுக்கிறார்கள். இது பல ஆண்டு வேலை, கூட்டத்துக்கு மேல் கூட்டம். ஆனால் ஒரு பேராசிரியர் ஓய்வு பெற்றாலும் திட்டம் துறையிலேயே தங்கிவிடும். ஆழத்தில் இதற்கு இணை இல்லை.

ஆனால் ஒரே ஒரு ஆலோசகருக்குத்தான் நிதி இருக்கிறது என்றால், தனி ஆலோசனையைத்தான் தேர்ந்தெடுப்பேன். அதுவும் செமஸ்டர் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பே, அசைன்மென்ட் தாள் அச்சுக்குப் போகாத நேரத்தில்.