பேட்டரி கேபிளில் ஏமாற்று: 34,600 ரூபாய் போச்சு, வண்டி எரியாமல் தப்பியது

34,600 ரூபாய். அவ்வளவு காசை வாங்கிக்கொண்டு, சுத்தமான செம்பு என்று சொல்லி, செம்புப் பூச்சு பூசிய அலுமினியக் கம்பியை எங்கள் வண்டியில் போட்டுவிட்டார்கள். அதுவும் அம்மா படுக்கும் கட்டிலுக்கு அடியில். இன்று காலையும் போன் போட்டேன், கடைக்காரர் எடுக்கவில்லை. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் வேனில் கட்டிலும் அடுப்பும் வைத்துக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவராவது தப்பட்டும் என்றுதான் கோபம் ஆறுவதற்குள் எழுதுகிறேன். எந்த கேபிள் வாங்க வேண்டும், எப்படிப் போட வேண்டும் என்பதையும் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

புகார் போயிருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. வீட்டு இன்வெர்ட்டர், சோலார், லாரி பேட்டரி எல்லாம் விற்கிற கடை. கொஞ்ச நாளாக கேம்பர் வண்டிக்கும் ஒயரிங் செய்து தருகிறோம் என்று சொல்லி ஆள் பிடிக்கிறார்கள்.

எங்களுடையது பழைய டெம்போ டிராவலர். அம்மாவுக்கு முட்டுவலி, அதிக நேரம் உட்கார முடியாது. சர்க்கரையும் உண்டு, இன்சுலினைக் குளிர்ச்சியில் வைக்க வேண்டும். வேளாங்கண்ணிக்கு ஒருமுறை போய்வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அதற்காகத்தான் பின் சீட்டுகளை எடுத்துவிட்டுக் கட்டில் போட்டு, 12.8 வோல்ட் 200 ஏஎச் லித்தியம் பேட்டரி, 2000 வாட் இன்வெர்ட்டர், சின்ன ஃப்ரிட்ஜ், ஓர் இண்டக்‌ஷன் அடுப்பு என்று ஏற்பாடு செய்தோம். பேட்டரியும் இன்வெர்ட்டரும் வேறு இடத்தில் வாங்கியவை. அவை இரண்டிலும் இன்றுவரை ஒரு குறையும் இல்லை. கேபிளும் ஒயரிங்கும் மட்டும்தான் இந்தக் கடை.

கேபிளில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். வீட்டில் 230 வோல்ட்டில் 2000 வாட் ஓடினால் கம்பியில் போவது 9 ஆம்பியர்கூட இல்லை. அதே 2000 வாட்டை 12 வோல்ட் பேட்டரியிலிருந்து எடுத்தால், இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்து 180 ஆம்பியரைத் தாண்டிவிடும். கம்பி மெலிந்தாலும், உலோகம் மட்டமாக இருந்தாலும், முனையில் மாட்டுகிற லக் என்கிற உலோகக் கொக்கி சரியாகப் பிடிக்காவிட்டாலும் அந்த இடம் கொதிக்கும். வண்டிக்குள் சுற்றிலும் பிளைவுட், மெத்தை, திரைத்துணி.

இதையெல்லாம் எனக்கு முதலில் சொன்னதே அந்தக் கடைக்காரர்தான். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. மச்சானுக்குத் தெரிந்தவர் என்று போனோம். உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். வண்டியை வெளியே வந்து பார்த்தார், அளவு எடுத்தார். "தம்பி, வண்டிக்குன்னா செம்புதான் போடணும். அலுமினியம் ஆகவே ஆகாது. டிரைவர் சீட்டுக்குப் பின்னால இன்வெர்ட்டர வச்சா 70 ஸ்கொயர் போட்டாத்தான் தாங்கும்" என்றார். 70 ஸ்கொயர் என்றால் உள்ளே இருக்கும் கம்பியின் குறுக்குவெட்டு 70 சதுர மில்லிமீட்டர். மேசைக்கு உள்ளிருந்து ஒரு சாண் நீளத்துக்கு ஒரு துண்டு கேபிளை எடுத்தார். மேல் ரப்பரைக் கத்தியால் சீவி, இழைகளை விரித்து, நடுவில் வெட்டிக் காட்டினார். உள்ளே வரைக்கும் சிவப்பு. முடி போல மெல்லிய இழைகள். கையில் வைத்தால் நல்ல கனம். "பாத்துக்கிடுங்க, இதாக்கும் சரக்கு" என்றார்.

அம்மாவுக்கு இன்சுலின் வைக்கிற ஃப்ரிட்ஜ் ஓட வேண்டும் அண்ணாச்சி, வழியில் நின்றுவிடக் கூடாது என்று சொன்னேன். என் தோளில் கை வைத்து, "எங்க அம்மைக்கும் சுகர்தான் மக்கா. அம்மைய ஏத்திட்டுப் போற வண்டியில நான் கள்ளம் காட்டுவனா? ஒண்ணும் பயப்படாண்டாம்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு வேறு கடை ஏறி விலை கேட்க யாருக்கு மனசு வரும்? அங்கேயே ஜிபேயில் 20,000 அட்வான்ஸ் போட்டேன்.

எஸ்டிமேட் சீட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. 70 ஸ்கொயர் காப்பர் கேபிள் 16 மீட்டர், மீட்டர் 1,150 வீதம் 18,400. லக், பஸ்பார் என்கிற இணைப்புப் பட்டை, ஐசொலேட்டர் என்கிற மெயின் சுவிட்ச் 7,200. வேலைக்கூலி 9,000. ஆக மொத்தம் 34,600. ஜிஎஸ்டி பில் கேட்டதற்கு வேலை முடிந்ததும் சேர்த்துத் தருகிறோம் என்றார்கள். வேலை முடிந்து மீதி 14,600-ஐயும் வாங்கிக்கொண்டார்கள். பில் இன்னும் வரவில்லை.

வேலைக்கு இரண்டு பையன்களை அனுப்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், கொடுத்ததைப் போட்டார்கள். லக்கைக் கம்பியோடு அழுத்தி இறுக்குகிற கிரிம்பிங் மிஷின் இல்லை. லக்கைத் தரையில் வைத்துச் சுத்தியலால் தட்டினார்கள். பேட்டரி பக்கத்தில் ஃபியூஸ் எங்கே என்று கேட்டேன். கடைக்காரருக்கே போன் போட்டுக் கொடுத்தார்கள். "அது இன்வெர்ட்டருக்குள்ளயே இருக்கு தம்பி, வெளிய தனியா ஆண்டாம்" என்றார். இன்வெர்ட்டருக்குள் இருக்கும் ஃபியூஸ் இன்வெர்ட்டரைக் காப்பாற்றும். பேட்டரியிலிருந்து அதுவரைக்கும் வருகிற கேபிள் எங்காவது தகட்டில் உரசி ஷார்ட் ஆனால் அதை யார் காப்பாற்றுவது? லித்தியம் பேட்டரி ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கில் ஆம்பியர் பாயும். பேட்டரிக்காரர் கொடுத்த புத்தகத்திலேயே வெளியே ஃபியூஸ் வேண்டும் என்று போட்டிருக்கிறது என்று வாசித்தும் காட்டினேன். "நாங்க எத்தன வண்டி பாத்திருக்கோம்" என்று போனை வைத்துவிட்டார்.

வேளாங்கண்ணிக்குக் கிளம்புவதற்கு முன்னால் ஓர் இரவு தங்கிப் பார்ப்போம் என்று முட்டத்துக்குப் போனோம். கலங்கரை விளக்கத்துக்குக் கொஞ்சம் தள்ளி வண்டியை நிறுத்தினோம். வீட்டுக்காரி அடுப்பில் கஞ்சிக்கு வைத்தாள். சற்று நேரத்தில் இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்தது, வோல்டேஜ் குறைவு என்று. பேட்டரியில் சார்ஜ் முக்கால்வாசிக்கு மேல் இருக்கிறது. எப்படிக் குறையும் என்று யோசிப்பதற்குள் ரப்பர் கருகுகிற நாற்றம். அம்மா படுத்திருந்த கட்டிலுக்குக் கீழிருந்துதான் வந்தது. ஐசொலேட்டரைத் திருப்பி அணைத்துவிட்டு, அம்மாவைத் தூக்கி வெளியே உட்கார வைத்து, பலகையைக் கழற்றிப் பார்த்தால், பாசிட்டிவ் லக்கின் மேல் இருந்த ஸ்லீவ் உருகி வழிந்திருக்கிறது. பக்கத்துப் பிளைவுட் கறுத்துவிட்டது. தூங்கும்போது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை. அம்மாவால் தானாக எழுந்து இறங்க முடியாது.

மறுநாள் குளச்சலில் படகுகளுக்கு ஒயரிங் செய்கிற ஒரு பெரியவரிடம் காட்டினோம். கடல் உப்பிலேயே பேட்டரி வேலை பார்த்துப் பழகியவர். லக்கைப் பிடித்து இழுத்தார், கையோடு வந்துவிட்டது. கேபிளை வெட்டி முகத்தைக் காட்டினார். இழையின் மேல்தோல் மட்டும் சிவப்பு, உள்ளே வெள்ளை. "இது செம்பு இல்ல மக்கா, பூச்சு" என்றார். ரப்பரை மட்டும் தடியாகப் போட்டு 70 ஸ்கொயர் போலக் காட்டியிருக்கிறார்கள். உள்ளே கம்பி அதில் பாதி, 35 தான் இருக்கும். ஒரு மீட்டர் கம்பியை உரித்து எடைபோட்டுப் பார்த்தோம். 70 ஸ்கொயர் செம்பு என்றால் ஒரு மீட்டரில் கம்பி மட்டுமே 600 கிராமுக்கு மேல் இருக்க வேண்டும். இது 130 கிராம்கூடத் தேறவில்லை.

லக்கை இழுப்பதற்கும் கேபிளை வெட்டுவதற்கும் முன்னாலேயே அவர் ஒரு நிமிடம் மட்டும் அடுப்பைப் போடச் சொல்லி மீட்டர் வைத்தும் பார்த்தார். கிளாம்ப் மீட்டரில் 150 ஆம்பியர். பேட்டரி முனையில் 12.9 வோல்ட், இன்வெர்ட்டர் முனையில் 11.2. நடுவில் 1.7 வோல்ட் காணவில்லை. அதாவது ஏறக்குறைய 250 வாட் சூடு கேபிளிலும் லக்கிலுமே இறங்கியிருக்கிறது. பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டருக்கு எங்கள் வண்டியில் போக மூன்றரை, வர மூன்றரை, மொத்தம் 7 மீட்டர். உண்மையான 70 ஸ்கொயர் செம்பாக இருந்தால் இந்த ஆம்பியருக்குக் கால் வோல்ட்தான் இறங்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அலுமினியம் மின்சாரத்தைக் கடத்துவது செம்பில் சுமார் 60 சதவீதம்தான். அது போதாதென்று நாளாக ஆக அழுத்தத்தில் அமுங்கிக் கொடுக்கும், லக் தளரும், உப்புக்காற்று பட்டால் செம்பும் அலுமினியமும் சேர்கிற இடம் அரிக்கும். நம் கடற்கரையில் இதைப் போடுவது எவ்வளவு பெரிய பாதகம் என்று பாருங்கள்.

இன்னொன்றும் அவர்தான் சொன்னார். இன்ஜினிலிருந்து பேட்டரி சார்ஜ் ஆகிற லைனுக்கும் இதே கேபிளை 9 மீட்டர் இழுத்துக் காசு வாங்கியிருக்கிறார்கள். எங்களுடைய 30 ஆம்பியர் சார்ஜருக்கு அந்தத் தூரத்தில் நல்ல செம்பில் 16 ஸ்கொயரே போதுமாம்.

அப்புறம் கடைக்கு அலைந்த அலைச்சல். முட்டத்திலிருந்து அந்த இரவே போன் செய்தேன், "காலைல பாக்கலாம் தம்பி" என்றார். காலையில் போனால் முதலாளி திருவனந்தபுரம் போயிருக்கிறார் என்று பையன் சொன்னான். உருகிய லக், வெட்டிய கேபிள் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீலக் குறி விழுந்தது, பதில் இல்லை. நேரில் பிடித்தபோது முதலில் ஓவர்லோடு போட்டுவிட்டீர்கள் என்றார். 2000 வாட் இன்வெர்ட்டரில் 1500 வாட் அடுப்பு எப்படி ஓவர்லோடு ஆகும் என்று கேட்டால், "இது நாங்க போட்ட வயருதானான்னு எப்படித் தெரியும்?" என்றார். அவர் கடைப் பையன்கள் லக் அடிக்கிற வீடியோவே மச்சான் போனில் இருக்கிறது, காட்டினோம். உடனே, "எஸ்டிமேட்ல காப்பர்னுதான் போட்டிருக்கு, பியூர் காப்பர்னு போட்டிருக்கா?" என்றார். தோளில் கை வைத்து எங்க அம்மைக்கும் சுகர்தான் என்று சொன்ன அதே மனிதர். எனக்குப் பேச்சே வரவில்லை.

மச்சான் சத்தம் போட்டதும், சரக்கு வந்த இடத்தில் கேட்டுச் சொல்கிறேன், திங்கள்கிழமை வாருங்கள் என்றார். திங்கள்கிழமை போனால், வெட்டின கேபிளைத் திருப்பி எடுக்க முடியாதாம். வெட்டாமல் உள்ளே என்ன இருக்கிறது என்று யார் கண்டார்கள்? கடைசியில், அடுத்து சோலார் பேனல் எடுக்கும்போது 2,000 குறைத்துத் தருகிறேன் என்றார். 34,600 ரூபாய்க்கு, எங்கள் குடும்பத்தின் உயிருக்கு, அவர் வைத்த விலை அது. அதற்குப் பிறகு என் நம்பரைப் பார்த்தாலே எடுப்பதில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்துவிட்டேன். அடுத்து நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது. எஸ்டிமேட், ஜிபே ரசீது, வீடியோ, வெட்டிய துண்டு எல்லாம் இருக்கின்றன. அந்த 34,600 ரூபாயை விடுவதாக இல்லை. வேளாங்கண்ணிப் பயணம் அப்படியே நிற்கிறது. அம்மா என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை, அதுவே பெரிய வேதனையாக இருக்கிறது.

எப்படி வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன். இதை எழுதும்போதே மறுபடி ஆத்திரம் வருகிறது, முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். கடைக்காரர் காட்டுகிற துண்டை நம்பாதீர்கள், உங்களுக்கு அளந்து தருகிற சுருளின் முனையை உங்கள் கண் முன்னால் வெட்டச் சொல்லுங்கள். உள்ளே வரை சிவப்பாக இருக்க வேண்டும். வெள்ளீயம் பூசிய செம்பு என்றால் மேலே வெள்ளையாகவும் உள்ளே சிவப்பாகவும் இருக்கும், அது நல்லது, கடற்கரைக்கு அதுதான் சிறந்தது. மேலே சிவப்பு, உள்ளே வெள்ளை என்றால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். வெல்டிங் கேபிள் வாங்கினால் மேல் உறையில் ஐ.எஸ். 9857 என்று அச்சு இருக்கிறதா பாருங்கள். அச்சே இல்லாத கேபிள் வேண்டவே வேண்டாம். இன்வெர்ட்டரைப் பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்தில் வைக்க முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வையுங்கள். ஹைட்ராலிக் கிரிம்பிங் இல்லாமல் சுத்தியலால் தட்டுகிறவரை வண்டிக்குள் ஏற்றாதீர்கள். பேட்டரி பாசிட்டிவை ஒட்டியே ஃபியூஸ் இருக்க வேண்டும், 2000 வாட் இன்வெர்ட்டருக்கு 250 ஆம்பியர் அளவில். தகட்டைத் துளைத்துப் போகிற இடத்தில் ரப்பர் குரோமெட் (கேபிள் உரசாமல் காக்கிற வளையம்) போடச் சொல்லுங்கள். பில் கைக்கு வராமல் கடைசிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே இப்படி ஒரு கடையில் ஒயரிங் முடித்தவர்கள் பயணம் கிளம்பும்வரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே அடுப்பைப் பத்து நிமிடம் ஓட்டி, பக்கத்திலேயே நின்று, அணைத்தபின் லக்குக்கு அருகே உறையின் மேல் கை வைத்துப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கூப்பிட்டு முனையை வெட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை வண்டிக்குள் யாரையும் படுக்க வைக்காதீர்கள்.