321 மூவ்மென்ட் அசல்தான், வாட்ச்தான் அசல் இல்லை

பழைய ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் தேடுகிறவர்கள், அதிலும் 321 மூவ்மென்ட் (வாட்சை ஓட்டும் உள் இயந்திரம்) உள்ளதுதான் வேண்டும் என்று காத்திருக்கிறவர்கள், பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். விற்றவர் பெயரை எழுதப்போவதில்லை. அவர் ஒருவரோடு முடிகிற வேலையாக இருந்தால் பெயரைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். இது பலர் கையாளுகிற முறை. அதனால் ஆளை விட்டுவிட்டு முறையை விவரமாகச் சொல்கிறேன்.

145.012-67 மாடல் என்று சொல்லித்தான் அந்த வாட்சை என்னிடம் விற்றார். புதிதாக வருகிறவர்களுக்காகச் சுருக்கமாக: ஸ்பீட்மாஸ்டர் வந்தது 1957-இல். அதிலிருந்து 1968 வரை அதற்குள் ஓடியது லெமானியா நிறுவனத்தின் வடிவமைப்பில் பிறந்த காலிபர் 321, அதாவது 321 வகை மூவ்மென்ட். ஸ்டாப்வாட்சின் ஸ்டார்ட், ஸ்டாப், ரீசெட் மூன்றையும் அதில் ஒரு தூண் சக்கரம் கட்டுப்படுத்தும். பிறகு வந்த 861 மூவ்மென்டில் தூண் சக்கரம் போய், கேம் என்ற வடிவத் தகடு வந்தது, மணிக்கு 18,000 என்றிருந்த துடிப்பு 21,600 ஆனது. உழைப்பில் 861-ஐயும் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் 1965 மார்ச்சில் நாசா சோதித்துத் தேர்ந்தெடுத்தது 321 உள்ள வாட்சை. 1969-இல் அப்போலோ 11 வீரர்கள் கட்டிக்கொண்டு போனதும் அதே 321 உள்ள 105.012, 145.012 மாடல்களைத்தான். கடைசி 321-ஐயும் ஆரம்பகால 861-ஐயும் தூரத்தில் இருந்து பார்த்தால் பழகியவர்களே தடுமாறுவார்கள். விலையில் மட்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். மோசடி புகுவது அந்த வித்தியாசத்துக்குள்தான்.

விற்றவர் பேச்சில் கெட்டிக்காரர். “ஒரே குடும்பத்துல இருந்த வாட்ச் சார், யாரும் கை வைக்கல” என்றார். அடுத்த மூச்சில், “போன வருஷம்தான் ஃபுல் சர்வீஸ் பண்ணது” என்றார். கை வைக்காமல் எப்படி சர்வீஸ் ஆனது என்று கேட்டதற்கு, “பாலிஷ் போடலன்னு சொல்ல வந்தேன் சார்” என்று சமாளித்தார். அனுப்பிய படங்கள் என்னவோ அருமை. டயல் நேராக ஒன்று, சாய்வாக ஒன்று, பக்கவாட்டில் கேஸ் (வாட்சின் உலோகக் கூடு), செம்பு நிறத்தில் மின்னும் மூவ்மென்ட், அதன் பிரிட்ஜில் (சக்கரங்களைத் தாங்கும் தகட்டில்) பொறித்த எட்டு இலக்க எண். கூடவே ஒமேகாவின் ஆவணக் காப்பகத்தில் இருந்து வாங்கிய சான்று. அதிலும் அதே எண், காலிபர் 321, ஸ்பீட்மாஸ்டர், 145.012, 1967.

ஒரு படம் மட்டும் வரவில்லை. பின்மூடியின் உட்புறம். அந்தக் காலத்து ஸ்பீட்மாஸ்டரில் மாடல் எண் இருப்பது அந்த மூடிக்குள், சீரியல் எண் இருப்பது மூவ்மென்டில். வெளியே பார்த்தால் இரண்டுமே தெரியாது. கேட்டேன். “மறுபடி திறந்தா சீல் கெட்டுடும் சார்” என்றார். மூவ்மென்டைப் படம் எடுத்தபோது மூடி பக்கத்தில்தானே கிடந்திருக்கும் என்றேன். “அந்தப் படம் மெக்கானிக்கிட்ட இருக்கு, அனுப்பச் சொல்றேன்” என்றார். அந்தப் படம் கடைசி வரை வரவில்லை. வாட்ச்தான் வந்தது.

எனக்குத் தெரிந்த வாட்ச் மெக்கானிக் ஒருவர் இருக்கிறார், அதிகம் பேசமாட்டார். கையில் வாங்கியவர் டயல் பக்கம் திரும்பவே இல்லை. பின்மூடியைக் கழற்றிக் கவிழ்த்தார், கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு குனிந்தார், “145.022-69” என்று வாசித்தார். 145.022 என்பது 861-க்கு உரிய மாடல். அந்த எண்ணைச் சுற்றி ஊசியால் கீறிய பொடிப் பொடி எழுத்துகள். சர்வீஸ் செய்கிறவர்கள் தங்கள் அடையாளத்தையும் தேதியையும் மூடிக்குள் இப்படிக் கீறி வைப்பது உண்டு. படிக்க முடிந்தவற்றில் எழுபதுகளும் இருந்தன, எண்பதுகளும் இருந்தன. கையெழுத்துகளும் வேறு வேறு. யாரும் கை வைக்காத வாட்ச்!

மூடி மட்டும் எங்கேயாவது மாறியிருக்கலாமே என்று நான் இழுத்தேன். “மூடி மட்டும்னா நானும் விட்டுருவேன்” என்றார் அவர். “மத்ததையும் பாருங்க.”

மூவ்மென்ட் அசல் 321. தூண் சக்கரம் இருக்கிறது, எண்ணும் சான்றோடு பொருந்துகிறது. ஆனால் திருகுகளின் தலைகள் மழுங்கிப்போயிருந்தன. ஓரிடத்தில் ஸ்க்ரூடிரைவர் வழுக்கி பிரிட்ஜின் மேலேயே கோடு இழுத்திருந்தது. எண்ணெய் காய்ந்து பிசினாகிவிட்டிருந்தது. கருவியில் வைத்துப் பார்த்தபோது துடிப்பைத் தரும் பேலன்ஸ் சக்கரம் ஊசலாடும் வீச்சு 180 டிகிரியைத் தாண்டவில்லை, நல்ல நிலையில் உள்ள மூவ்மென்ட் என்றால் 250-க்கு மேல் காட்டும். ஸ்டார்ட் பட்டனை அழுத்தியதும் இருந்த வீச்சும் சரிந்தது. போன வருஷத்து ஃபுல் சர்வீஸின் லட்சணம் இது.

டயலைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் வேலை நடந்திருப்பது அங்கேதான். 321 காலத்து டயலில் ஒமேகா சின்னம் உலோகத்தில் செய்து பதித்திருக்கும், 861 வந்த கொஞ்ச காலத்தில் அது வெள்ளை அச்சாக மாறிவிட்டது. என்னுடையதில் உலோகச் சின்னம் இருக்கிறது. அடியில் ‘ஸ்விஸ் மேட்’ என்ற எழுத்துக்கு இருபுறமும், ஒளிப்பூச்சில் கலக்கும் கதிரியக்கப் பொருளான டிரிட்டியத்தைக் குறிக்கும் ‘டி’யும் இருக்கிறது. ஆக டயல் அசல். கெடுத்திருப்பது அதன் ஒளிப்பூச்சை. டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12 ஆண்டுகளுக்குச் சற்று மேல். அறுபதுகளில் பூசியது இன்றைக்கு இருட்டில் தானாக ஒளிராது. புற ஊதா விளக்கைக் காட்டினால் மங்கலாக ஒளி விடலாம், விளக்கை நகர்த்தியதும் பூச்சும் அணைந்துவிடும். மெக்கானிக் அறை விளக்கை அணைத்துவிட்டுச் சின்ன டார்ச்சைக் காட்டி எடுத்தார். மணிக்கோடுகளும் முட்களும் பச்சைப் பசேலென்று நின்று எரிந்தன. அணையவே இல்லை. இப்போது கிடைக்கும் ஒளிப்பூச்சில் தேன் நிறத்தைக் கலந்து, பழுத்த டிரிட்டியம் போலப் பூசியிருக்கிறார்கள்.

லென்ஸ் வழியாக நானும் பார்த்தேன். 4 மணிக் கோட்டில் பூச்சு வெள்ளை விளிம்பைத் தாண்டி வழிந்திருந்தது. 8-இல் ஒரு குமிழி. 11-க்குப் பக்கத்தில், பழைய பூச்சைச் சுரண்டி எடுத்தபோது டயலின் கறுப்பும் சேர்ந்து பெயர்ந்து, அந்த இடத்தை வேறு ஒரு கறுப்பால் தொட்டு மூடியிருந்தார்கள். நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, வெளிச்சத்தில் சாய்த்தால் அந்தப் பொட்டு மட்டும் மினுமினுக்காது. எனக்கு அனுப்பிய சாய்வான படம் ஏன் இடது பக்கம் மட்டும் நிழலாக இருந்தது என்பது அப்போதுதான் புரிந்தது. ஒருவர் உட்கார்ந்து யோசித்து எடுத்த படம் அது.

டயலைச் சுற்றி எண்களோடு இருக்கும் வளையமான பெசலைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. ஏறத்தாழ 1970 வரை வந்த பெசலில் 90 என்ற எண்ணின் தலைக்கு மேல் புள்ளி இருக்கும், பிறகு அது பக்கத்துக்கு நகர்ந்துவிட்டது. அந்தப் பழைய பெசலுக்குத் தனியாகவே கிராக்கி, அதனால் போலியும் ஏராளம். என்னுடையதில் புள்ளி சரியான இடத்தில்தான் இருந்தது. எண்கள் மட்டும் தடித்துப் போயிருந்தன, வேகம் கணக்கிடும் அளவுகோலைக் குறிக்கும் டாக்கிமீட்டர் என்ற சொல்லின் பிரெஞ்சு எழுத்தில் இருக்க வேண்டிய சாய்கோடும் இல்லை. வாட்சிலேயே சுத்தமான போலி அது ஒன்றுதான்.

அந்தச் சான்று? அதுவும் அசல். இதைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும். மூவ்மென்ட் எண்ணைக் கொடுத்தால், அந்த எண் எப்போது எந்த மாடலில் தயாரானது என்று பழைய பதிவேட்டைப் பார்த்துச் சொல்வதுதான் ஆவணக் காப்பகச் சான்று. அந்த எண்ணைச் சுற்றி இன்றைக்கு என்னென்ன இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. இந்தச் சான்றுக்காக வாட்சை யாரும் திறந்து பார்ப்பதில்லை. என்ஜின் நம்பருக்கு மட்டும் புத்தகம் சரியாக இருக்கிற வண்டி மாதிரி. எங்கோ நொறுங்கிப்போன 145.012 ஒன்றின் மூவ்மென்ட் இது. அதற்கு 145.022-இன் மூடியும் சுரண்டிப் பூசிய டயலும் போலிப் பெசலும் சேர்த்து ஒரு வாட்சைக் கட்டி எழுப்பி, மேலே சான்றை வைத்துவிட்டார்கள்.

இது சில்லறை வியாபாரிகளின் வேலை என்று நினைக்க வேண்டாம். 2021 நவம்பரில் ஜெனீவாவில் நடந்த ஏலத்தில், 1957-இன் முதல் மாடலான 2915-1 ஸ்பீட்மாஸ்டர் ஒன்று 31 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் போனது. வெயிலில் பழுத்த காபி நிற டயல், பார்த்தவர்கள் மயங்கினார்கள். வாங்கியது ஒமேகாவின் சொந்த அருங்காட்சியகத்துக்காக. 2023-இல் ஒமேகாவே வெளியே வந்து, அது பல இடத்து உதிரிகளைச் சேர்த்துக் கட்டியது, தங்கள் முன்னாள் ஊழியர்களுக்கும் இதில் தொடர்பு உண்டு என்று சொல்லிவிட்டது. பதிவேடுகளைக் கையில் வைத்திருக்கும் நிறுவனத்துக்கே அந்தக் கதி.

மெக்கானிக் எழுதித் தந்த அறிக்கையையும் படங்களையும் விற்றவருக்கு அனுப்பினேன். கோபப்படவே இல்லை, அதுதான் எரிச்சல். “எல்லாமே ஒமேகா பார்ட்ஸ்தானே சார்?” என்றார். பெசல்? “அது கன்ஸ்யூமபிள் சார், மாத்திக்கலாம்.” ஒளிப்பூச்சு? “நாங்க பூசல, எங்களுக்கு வந்தபோதே அப்படித்தான்.” பிறகு தன்னுடைய உத்தரவாத வாசகத்தை எடுத்துக் காட்டினார்: மூவ்மென்ட் போலி என்று நிரூபித்தால் முழுப் பணமும் வாபஸ். முதலில் படித்தபோது எவ்வளவு தாராளமாகத் தெரிந்தது! வாட்சில் எது ஒன்று சந்தேகமே இல்லாமல் அசலோ, அதற்கு மட்டும் உத்தரவாதம் கொடுத்திருக்கிறார். டயலைப் பற்றியும் கேஸைப் பற்றியும் எழுத்தில் ஒரு வரி இல்லை, அத்தனையும் ஃபோனில் சொன்னது.

பணம் கைமாறிய இடைத்தரகு நிறுவனத்தில் புகார் கொடுப்பதற்குள் விளம்பரத்தில் இருந்த 145.012-67 என்ற எண்ணைக் காணோம். அந்த இடத்தில் ‘321 ஸ்பீட்மாஸ்டர், படத்தில் உள்ளபடி’ என்று இருந்தது. பழைய விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டும், அவர் குறுஞ்செய்தியில் ஒரே ஒரு இடத்தில் “145.012-67 ஆல் ஒரிஜினல்” என்று எழுதிவிட்டதும்தான் எனக்குக் கை கொடுத்தன. பணத்தில் ஒரு பகுதி திரும்பியது. வாட்ச் என்னிடமே இருக்கிறது, எண்ணெய் போட்டுச் சரிசெய்த பிறகு மூவ்மென்ட் அழகாக ஓடுகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒமேகா வேண்டாம் என்று வேறு பக்கம் போகிறவர்களும் கொஞ்சம் நில்லுங்கள். ஹோயர் கரேராவில் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் பட்டை மாட்டும் லக்குகளுக்கு இடையே கேஸில் வெட்டியிருக்கும், பட்டையைக் கழற்றினால்தான் தெரியும். அது தேய்ந்து மங்கியிருந்தால் கேஸ் எத்தனை முறை பாலிஷ் கண்டதோ. ரோலெக்ஸ் 6239-இல் சாதாரண டயலை எடுத்துவிட்டு நடிகர் பெயரால் வழங்கும் ‘பால் நியூமன்’ பாணி டயலைப் போலியாகச் செய்து மாட்டுவது பழைய கலை. செய்கோ (Seiko) 6139 மலிவானது, யார் ஏமாற்றப்போகிறார்கள் என்று தோன்றும். விண்வெளி வீரர் வில்லியம் போக் 1973-இல் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்துக்குக் கட்டிச் சென்ற மஞ்சள் டயல் மாடல் என்று பெயர் பரவியதும், புதிதாக அச்சடித்த மஞ்சள் டயல்கள் எங்கும் கிடைக்கின்றன. நல்ல வேளையாக அதில் சீரியலின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். டயலின் அடியில் பொடி எழுத்தில் டயல் எண்ணும் இருக்கும். இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம்.

ஸ்பீட்மாஸ்டருக்கு வருகிறேன். பின்மூடியின் உட்புறத்தையும் மூவ்மென்டையும் ஒரே ஃபிரேமில், பக்கத்தில் இன்றைய தேதி எழுதிய துண்டுச்சீட்டோடு படம் கேளுங்கள். இருட்டறையில் டார்ச் காட்டி எடுத்து, அதன்பின் ஒரு நிமிடம் ஓடும் வீடியோ கேளுங்கள். மாடல் எண், டயல், முட்கள், ஒளிப்பூச்சு, பெசல், கேஸ் ஒவ்வொன்றும் அசலா, பிற்காலத்தில் மாற்றியதா என்று தனித்தனியாக எழுத்தில் வாங்குங்கள். மாற்றியது என்று சொல்லி, அதற்கேற்ற விலை கேட்டால் அது நேர்மையான வியாபாரம், அப்படி நானே வாங்கியிருக்கிறேன். சீல் கெட்டுவிடும் என்பதெல்லாம் சாக்கு. ஐம்பது வருஷத்துக்கு மேலான வாட்சைத் தண்ணீரில் முக்க யாரும் வாங்குவதில்லை, ரப்பர் வளையம் மாற்றுவது சின்ன வேலை.

இதை எழுதும்போது அதே ஆள் இன்னொரு 321-ஐ விற்பனைக்குப் போட்டிருக்கிறார். இந்த முறை 105.012. மூவ்மென்ட் படம் இருக்கிறது, சான்று இருக்கிறது, சாய்வான படத்தில் டயலின் ஒரு பக்கம் நிழல். மூடியின் உட்புறம் இல்லை. உத்தரவாத வாசகமும் எழுத்துக்கு எழுத்து அதே: மூவ்மென்ட் போலி என்று நிரூபித்தால்.